கோஸ்தான்

என் அக்காவின் கணவர் காரைப் பின்னால் எடுத்து நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு முறையைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பினாங்கில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஜார்ஜ்டவுன் சந்துகளில் இரண்டு கார் எதிரெதிரே வந்துவிட்டால் யாராவது ஒருவர் கோஸ்தான் பண்ணித்தான் ஆக வேண்டும். கோஸ்தான் என்றால் வண்டியைத் திருப்பாமல், முகம் இருந்த பக்கமே இருக்க, அப்படியே பின்னால் போவது. மலாய்க்காரர், சீனர், நாம் எல்லோரும் சொல்கிற சொல். கப்பல்காரர்கள் விட்டுவிட்டுப் போனது என்பார்கள். யார் கோஸ்தான் பண்ணுவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. கடைசியாக நுழைந்தவர், சந்து முனைக்குப் பக்கத்தில் இருப்பவர் பின்னால் போவார். மற்றவர் கடக்கும்போது லேசாகக் கை தூக்குவார். அவ்வளவுதான் விஷயம்.

அத்தான் அப்படிச் செய்ய மாட்டார். கை பிரேக்கை இழுத்துவிட்டு, கைப்பேசியை எடுத்துச் செய்தி பார்க்க ஆரம்பித்துவிடுவார். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அரிசி மூட்டை ஏற்றிய லோரி ஒன்று எதிரே வந்தது. லோரிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நின்றன. எங்களுக்குப் பின்னால் காலி ரோடு. முன் சீட்டில் அக்கா கைப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். பின் சீட்டில் எனக்கு மானம் போயிற்று. கடைசியில் லோரிக்காரர்தான் வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே பின்னால் போனார்.

"பாத்தியா? நாம நின்னா அவன் போவான்" என்றார் அத்தான், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுநிலையாக எழுதுகிறேன் என்று பூசி மெழுக எனக்கு வராது.

ஒரு தனியார் கல்லூரியில் அவர் ரோபோ ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர். செவ்வாய்க் கிரகத்தில் ஓடும் ரோவர்களை இன்னும் நன்றாக ஓட வைப்பது எப்படி என்பது அந்தப் பிரிவின் வேலை. நான் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எந்திரக் கைகளின் அசைவைக் கவனிக்கும் பொறியாளராக இருந்தேன். நல்ல வேலை. ஒரு தீபாவளியன்று, அக்கா பரிமாறிக்கொண்டிருந்தபோது, "அங்க கிடந்து என்ன பண்ற? என்கூட வா. உன் மூளைக்கு அங்க என்ன வேலை இருக்கு?" என்று அத்தான் கேட்டார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. நான் நம்பினேன். வேலையை விட்டேன்.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, என் மூளையை அவர் தன்னுடையதாகத்தான் நினைத்திருக்கிறார் என்று. ஆபீசில் நான் அவரை டாக்டர் என்று கூப்பிட வேண்டும், வீட்டில் அத்தான். இரண்டு இடத்திலும் அவர் பேசும்போது நான் குறுக்கே பேசக் கூடாது.

எங்கள் ரோவர் ஓர் ஆறு சக்கர வண்டி. சாப்பாட்டு மேசை அகலம் இருக்கும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டார். கல்லூரிக்குப் பின்னால் கூரை போட்ட ஒரு மணல் தொட்டியில் அதை ஓட்டிப் பார்ப்போம். செவ்வாயில் ரோவரை நாம் கார் ஓட்டுகிற மாதிரி ஓட்ட முடியாது. இங்கிருந்து ஒரு கட்டளை அங்கே போய்ச் சேரவே பல நிமிஷம் ஆகும். மணலில் மாட்டிக்கொண்டால் இறங்கித் தள்ள ஆள் கிடையாது. மாட்டப் போகிறோம் என்பதை ரோவர் தானே தெரிந்துகொண்டு, தானே வெளியே வர வேண்டும். என் வேலை அதுதான்.

அத்தானுக்கு அதற்கு ஒரே மருந்து. சக்கரம் வழுக்கினால் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், முன் சக்கரங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டு முன்னே போக வேண்டும். மணல் தொட்டியில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஏனென்றால் தொட்டியின் அடியில் சிமெண்டு. தோண்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சக்கரத்துக்குப் பிடி கிடைத்துவிடும். செவ்வாய்க்கு யார் சிமெண்டு போட்டார்கள் என்று கேட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் தொழிற்சாலையில் கற்றது வேறு. எந்திரக் கை எங்காவது சிக்கினால் அழுத்தக் கூடாது. உடனே நிறுத்தி, வந்த வழியே விலக்க வேண்டும். வந்த வழி மட்டும்தான் காலியாக இருந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த வழி. ரோவருக்கும் அதையே செய்தேன். சக்கரம் சுற்றுகிறது, ஆனால் கேமராவில் தெரியும் கற்கள் நகரவில்லை என்றால் வழுக்குகிறது என்று அர்த்தம். அந்தக் கணமே நில். சக்கரத்தைத் திருப்பாதே. உன் தடத்தின் மேலேயே பின்னால் போ. அந்தத் தடம் ஏற்கெனவே உன் பாரத்தைத் தாங்கிய மண். கெட்டியான இடத்துக்கு வந்ததும் நின்று பார், வேறு வழி தேடு.

புரோகிராமில் அந்தப் பகுதிக்கு நான் கோஸ்தான் என்று பெயர் வைத்தேன். வேறு என்ன பெயர் வைப்பது?

புரோகிராம் எழுதும் தம்பிக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. அவர் தமிழ் முஸ்லிம். குடும்பத்துக்கு சூலியா தெருவில் நாசிக் கண்டார் சோற்றுக் கடை. கெட்டிக்காரர், என்னைவிடப் பத்து வயது சிறியவர். என்னை அக்கா என்பார். மணல் தொட்டியில் ரோவர் முதல் தடவை தன் தடத்திலேயே பின்வாங்கி வந்தபோது, காரைப் பார்க்கிங்கில் விடுகிற ஆள் மாதிரி பின்னால் நின்று, "வா... வா... லாகி... ஓப்!" என்று கையை ஆட்டினார். லாகி என்றால் இன்னும், ஓப் என்றால் நிறுத்து. அன்றைக்கு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் பிரிவில் நான் சிரித்த நாட்களில் அதுவும் ஒன்று. நிறைய இல்லை.

அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை.

"செவ்வாய்க்குப் போற வண்டி பின்னால போவுதுன்னு சொன்னா எவன் பாப்பான்? நம்ம பிரசன்டேஷன் தலைப்பே முன்னேற்றம்னு இருக்கு" என்றார். "அதுவும் கோஸ்தானாம். வெளிநாட்டுக்காரன் கேட்டா என்ன சொல்லுவ? பார்க்கிங்குல கத்துற வார்த்தைன்னா?"

"கேட்டா சொல்லுவோம், டாக்டர். அர்த்தம் இருக்குல்ல."

"அசிங்கம்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போது ஒரு வெளிநாட்டுக் குழு எங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பாலைவனத்தில் பெரிய சோதனைக் களம் ஒன்று உண்டு. பல நாடுகளில் பார்த்து, நல்ல முறையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் செய்தவரையும் அழைத்துப் போய் அங்கே உண்மையான ரோவரில் சோதிப்பார்கள். எனக்கு அது வேண்டும் என்று வெறியே இருந்தது. தொழிற்சாலை வேலையை விட்டது முட்டாள்தனம் இல்லை என்று எனக்கே நான் காட்ட வேண்டும். இந்த மனிதரின் நிழலில் இருந்து வெளியே போக அது ஒன்றுதான் வழி. என் கோஸ்தான் அவர்கள் கண்ணில் பட்டால் போதும் என்று நினைத்தேன்.

அவர்கள் வருவதற்கு முந்தின வாரம், ஆபீஸ் நாளில், அத்தான் என் மேசைக்கு வந்தார். வழக்கத்துக்கு மாறாகக் குரல் மென்மையாக இருந்தது.

"அக்காவுக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில்ல ஒரு வேண்டுதல் இருக்கு. முழங்கால் வலியோட தனியா ஏற முடியாது. நீ லீவு போட்டுக் கூட்டிட்டுப் போயேன்."

போனேன். அக்கா ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து, மூச்சு வாங்க, பாதி வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். மேலே சந்நிதியில் கும்பிட்டு முடித்ததும், சாமிக்கு முதுகு காட்டாமல், முகம் முருகன் பக்கமே இருக்க, வலிக்கிற காலோடு மெதுவாகப் பின்னால் நடந்து வந்தாள். எனக்கு என் ரோவர் நினைவு வந்தது. அக்காவிடம் சொன்னேன். "என்னையும் உன் வண்டியையும் ஒண்ணாக்கிட்டியா?" என்று செல்லமாகத் தலையில் தட்டினாள். இறங்கி வந்து இளநீர் குடித்தோம். நல்ல நாள் என்றுதான் நினைத்தேன்.

சோதனையைப் பாலிக் புலாவ் பக்கம் மீன்பிடிக் கிராமத்தை ஒட்டிய ஒரு கடற்கரையில் வைத்தோம். இடம் நான் பார்த்தது. மேலே காய்ந்த மணல் பொருக்காக இருக்கும், அடியில் சேறு. பார்த்தால் கெட்டித் தரை, கால் வைத்தால் உள்ளே போகும். செவ்வாயிலும் அப்படிப்பட்ட இடங்கள்தான் ரோவரை விழுங்குகின்றன. வந்தவர்கள் மூன்று பேர். அதில் மூத்தவர் ஓர் அம்மாள், வெயிலில் முகம் சிவந்து, தொப்பி போடாமல், எல்லாவற்றையும் குனிந்து தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோவர் கிளம்பியது. பொருக்கின் மேல் கொஞ்ச தூரம் போனது. பொருக்கு உடைந்தது. சக்கரங்கள் வழுக்கின. உடனே நின்றது. நான் எழுதிய வரிகள் வேலை செய்கின்றன என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. இப்போது பின்னால் வரும் என்று காத்திருந்தேன்.

அது திரும்ப ஆரம்பித்தது.

நின்ற இடத்திலேயே, ஆறு சக்கரங்களையும் கோணலாக வைத்துக்கொண்டு, முகத்தைக் கரைப் பக்கம் திருப்பப் பார்த்தது. சேற்றில் அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. ஒவ்வொரு சக்கரமும் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தனக்குத் தானே குழி தோண்டியது. முன் சக்கரம் ஒன்று பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. கடல் ஏறிக்கொண்டிருந்தது.

நான் தம்பியைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன தம்பி இது? ஏன் திரும்புது?"

"போஸ், அதான் டாக்டர்தான் மாத்தச் சொன்னாரு அக்கா. நீங்க கோயிலுக்குப் போன அன்னிக்கி. கோஸ்தான்கிற பேரை எடு, வழுக்கினா திரும்பிப் போற மாதிரி எழுதுன்னாரு. அப்ப அக்கா எழுதுனது என்னாவுறதுன்னு கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்லா, அவளுக்கும் தெரியும்னாரு."

திரும்பிப் போ. நம் மொழியில் இருக்கிற வம்பு அது. வீட்டுக்குத் திரும்பிப் போகிறேன், ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்கிறோம். யாரும் அதில் திரும்புவதைக் கவனிப்பதில்லை. தம்பி புரோகிராம் எழுதுகிற ஆள். சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டார். முதலில் திரும்பு. பிறகு போ. அதனால்தான் நமக்குக் கோஸ்தான் என்று ஒரு கடன் சொல் தேவைப்பட்டிருக்கிறது. திரும்பாமல் திரும்பிப் போவதற்கு.

அத்தானுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அயோக்கியத்தனம். தெரியாவிட்டால், வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பின்னால் போகாதவருக்கு அது எப்படித் தெரியும் என்று விட்டுவிட வேண்டியதுதான். ஒன்று மட்டும் தெரியும். என் அக்காவின் முழங்கால் வலியைச் சாக்காக வைத்து என்னை மலை ஏற அனுப்பிவிட்டு அவர் அதைச் செய்தார்.

அந்த அம்மாள் ரோவரைப் பார்த்தபடி, ஏன் திரும்புகிறது என்று கேட்டார்.

அத்தான் என் பக்கம் கையை நீட்டினார். "அது அவங்க எழுதின பகுதி" என்றார் ஆங்கிலத்தில், ரொம்ப மரியாதையாக.

அந்த நீட்டின கையை நான் மறக்க மாட்டேன். மோதிரம், மணிக்கட்டில் கோயில் கயிறு. அந்தக் கயிறு நான் அக்காவோடு ஏறிப் போய் வாங்கி வந்தது.

"அக்கா, பழசு என்கிட்ட இருக்கு. நான் அழிக்கல" என்று தம்பி மடிக்கணினியை என்னிடம் தள்ளினார். நான் யாரிடமும் கேட்கவில்லை. பழைய பகுதியை அப்படியே ஏற்றி அனுப்பினேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, முழங்கால் வரை புதைய, ரோவரின் பக்கத்தில் போய் நின்றேன். தொடவில்லை. தொட்டால் சோதனை செல்லாது. அது தப்பிக்காவிட்டால் தூக்க வேண்டும் என்பதற்காக மட்டும் போனேன்.

சக்கரங்கள் நேராயின. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்சக்கரங்கள் பழைய தடத்தைப் பிடித்தன. மெதுவாக, முகம் கடல் பக்கமே இருக்க, ரோவர் பின்னால் நடந்து வந்தது. என் வாய் தன்னால் முணுமுணுத்தது, வா, வா, வா என்று. கெட்டித் தரைக்கு வந்து நின்றது. முதல் அலை அது தோண்டிய குழிகளை நிரப்பியது.

அந்த அம்மாள் கை தட்டினார். கிட்ட வந்து, இந்த முறைக்கு என்ன பெயர் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் சொன்னார். "கோஸ்தான். எங்க ஊர்ச் சொல். அந்தப் பேரை மாத்தக் கூடாதுன்னு நான்தான் பிடிவாதமா இருந்தேன்."

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அழகான சொல் என்றார் அந்த அம்மாள். நான் சேற்றோடு நின்றேன். பேசியிருக்கலாமே என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஆளுக்கு முன்னால் அழுவதைவிட அந்தச் சேற்றிலேயே கிடக்கலாம் என்று இருந்தது. கோபம் அதிகமானால் சிலருக்குக் குரல் ஏறும். எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதை அவர் பல வருஷமாக வசதியாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்.

எங்கள் முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் முறை. பாலைவனத்துக்கு ஒருவர் வர வேண்டும், அதற்கு முன் திங்கட்கிழமை வீடியோ மீட்டிங்கில் அந்த முறையைச் செய்தவரோடு பேச வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆபீசில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. தம்பி சொல்லித்தான் தெரியும். அத்தான் பயணப் பெட்டி பார்க்கப் போயிருக்கிறார் என்றும் அவரே சொன்னார்.

சனிக்கிழமை அக்கா போன் செய்தாள். "நண்டு வாங்கியிருக்கேன், சாப்பிட வா. உன் அத்தான்தான் கூப்பிடச் சொன்னாரு." அத்தான் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்றால் என்னிடமிருந்து ஏதோ வேண்டும் என்று அர்த்தம். அது என்ன என்று எனக்குப் புரிந்துவிட்டது. வழுக்குவதை ரோவர் எப்படித் தெரிந்துகொள்கிறது, எவ்வளவு பின்னால் வந்தால் போதும் என்று எப்படி முடிவு செய்கிறது, இதெல்லாம் அவருக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டதே இல்லை.

இருந்தும் போனேன். அக்கா கூப்பிட்டால் போகாமல் இருக்க எனக்குத் தெரியாது.

அக்கா வீடு தண்ணீர்மலைப் பக்கம் ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் சுவர். ஒரு கார் போனால் பக்கத்தில் பூனைதான் போகலாம். நான் போனபோது அத்தான் வீட்டில் இல்லை. நண்டுக் குழம்பு வாசம் வாசல் வரை வந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள்.

"என்னடி நடந்துச்சு? அவரைக் கேட்டா ஒண்ணும் இல்லங்கிறாரு."

சொன்னேன். கடற்கரையைச் சொன்னேன், நீட்டின கையைச் சொன்னேன், பெயரைத் தான் காப்பாற்றியதாக அவர் சொன்னதைச் சொன்னேன். கடைசியில்தான் அந்தக் கோயில் நாளைச் சொன்னேன். அதைச் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா கையில் இருந்த கரண்டியைத் தண்ணீர்க் குழாயில் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய கரண்டி.

"எனக்கு வேண்டுதல் எதுவும் இல்ல" என்றாள். "அவருதான், முழங்கால் வலி போகணும்னா மலை ஏறுன்னாரு. நல்லதுக்குச் சொல்றாருன்னு ஏறுனேன். ஒரு வாரம் எந்திரிக்க முடியாம கிடந்தேன்."

எனக்கு அங்கே அதற்கு மேல் உட்கார முடியவில்லை. அவர் வந்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது. சாப்பிடாமல் கிளம்பினேன். அக்கா தடுக்கவில்லை. வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. காரை எடுத்துக்கொண்டு சந்து முழுவதும் வந்து, முனைக்குப் பக்கத்தில் வந்தபோது, அத்தானின் கார் உள்ளே நுழைந்தது.

மூக்குக்கு மூக்கு நின்றோம். அவர் நுழைந்து ஒரு கார் நீளம்கூட இருக்காது. எனக்குப் பின்னால் முழுச் சந்தும் இருக்கிறது. யார் பின்னால் போக வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் கை பிரேக்கை இழுத்தார். அவர் தோள் அசைவதிலேயே எனக்கு அது தெரியும். பிறகு கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"எங்க கிளம்பிட்ட? சாப்பிட்டுப் போ. திங்கட்கிழமை மீட்டிங் இருக்கு. நீ என் பக்கத்துல உக்காரு, கேமராவுல படாம. அவங்க கேக்கிறதுக்கு மெதுவா எடுத்துக் குடு. போதும்."

"கேமராவுக்கு முன்னால உக்காருறேன், அத்தான். இல்லன்னா வரல."

அவருக்கு முகம் சுருங்கியது. வீதியில் வைத்து மைத்துனி பதில் பேசுகிறாள்.

"அதை உள்ள போய்ப் பேசிக்கலாம். மொதல்ல கோஸ்தான் பண்ணு."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதும் என் தொண்டை முதல் முறையாகத் திறந்துகொண்டது. நானும் கை பிரேக்கை இழுத்தேன். இழுக்கிற சத்தம் அவருக்குக் கேட்கும்படி இழுத்தேன்.

"அது உங்க வார்த்தைதானே, அத்தான். நீங்க பண்ணுங்க."

வாழ்க்கை முழுவதும் பின்னால் போனவள் நான். சந்துகளில், அவர் வீட்டு மேசையில், ஆபீசில், கடற்கரையில். பின்னால் போவதில் அவமானம் இல்லை என்று ஓர் எந்திரத்துக்கே கற்றுக் கொடுத்தவள். அன்றைக்கு நகர மாட்டேன் என்று உட்கார்ந்தேன். அவர் ஹாரன் அடித்தார். நான் கைப்பேசியை எடுத்துச் செய்தி பார்த்தேன். ஓர் எழுத்தும் படிக்கவில்லை, ஆனால் பார்த்தேன். அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்று, எட்டிப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே போயிற்று. அவர் மறுபடி ஹாரன் அடித்தார்.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். வீட்டுச் செருப்போடு, காலை இழுத்து இழுத்து, சுவருக்கும் என் காருக்கும் நடுவே ஒடுங்கி வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். என்னைத்தான் பின்னால் போகச் சொல்வாள் என்று நினைத்தேன். எப்போதும் அப்படித்தான். அவள் நிற்காமல் அத்தானின் காரையும் தாண்டிப் போனாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், லோங்காங் என்கிற திறந்த சாக்கடை ஓரத்தில் போய் நின்று, அவர் காரின் பின்புறத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

"வாங்க" என்றாள். "நான் பாத்துக்கிறேன். வாங்க."

அவருக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது. இரண்டு பெண்கள், நடுவில் அவர். பின்னால் எடுத்தார். அவருக்கு அது வரவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். இத்தனை வருஷமும் அகங்காரம் என்று நான் நினைத்ததில் பாதி வெறும் தெரியாமை. சுவரில் பக்கக் கண்ணாடி உரசியது. நேராக்கினார், மறுபடி கோணலானது.

"வாங்க... வாங்க... லாகி..." அக்காவின் குரல் சந்தில் எதிரொலித்தது. கார் ரோட்டுக்கு வந்தது. "லாகி... வாங்க..." ரோட்டைக் குறுக்கே கடந்தது. அக்கா மெதுவாக ஒதுங்கிக்கொண்டாள். கை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. "வாங்க... வாங்க..."

அவள் ஓப் சொல்லவில்லை.

பின் சக்கரம் லோங்காங்கில் இறங்கியது. கார் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. அத்தான் என்ன செய்தார் தெரியுமா? முன்னால் எடுக்க அழுத்தினார். முன் சக்கரங்கள் ஈர ரோட்டில் வழுக்கிச் சுற்றின. இன்னும் அழுத்தினார். ரப்பர் கருகும் நாற்றம் வந்தது.

கதவைத் திறந்து இறங்கினார். "ஏன் சொல்லல? நீ பின்னாலதானே நின்ன?" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

"எனக்கு முழங்கால் வலி" என்றாள் அக்கா. "சட்டுன்னு வரல."

நான் காரை மெதுவாகச் சந்தை விட்டு வெளியே எடுத்தேன். ரோடு அகலம், போக இடம் இருந்தது. அவர் பக்கத்தில் போகும்போது நிறுத்தினேன். அவர் சாய்ந்த காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அவரைத் தெரிந்த இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பதில் வேண்டி ஒரு கேள்வி கேட்டது அப்போதுதான்.

"இப்ப என்ன பண்றது?"

"திங்கட்கிழமை அந்த அம்மா கேக்கும்போது கேமராவுக்கு முன்னால சொல்றேன், அத்தான்" என்றேன். லேசாகக் கை தூக்கிவிட்டுக் கடந்து போனேன்.